பதினெட்டு கிராம் காப்பிக்காரர்

காப்பி குடிக்கிறவர்கள் ஒரு ரகம். காப்பி போடுகிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அவர்தான் காப்பியைச் சோதிக்கிறவர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலை ஏழு மணிக்குச் சமையல் மேடைமுன் குனிந்து, ஒரு புனலுக்குள் வடிகாகிதத்தை மடித்து வைத்துவிட்டு, கைக்குழந்தை தூங்குகிறதா என்று பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

நம்மவருக்கு நிலம் அளக்கும் உத்தியோகம். பகலெல்லாம் அளந்த கை வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா? பதினெட்டு கிராம் கொட்டை வேண்டும் என்றால் பதினெட்டுதான். தராசு கொஞ்சம் குறைத்துக் காட்டினால் ஒரு கொட்டையைக் கத்தியால் பிளந்து பாதியைப் போடுவார். அரைக்கும்போது தூள் ஒட்டாமல் இருக்க, துணி தேய்க்க வைத்திருக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் கொட்டையின்மேல் தண்ணீர் அடிப்பார். அரைத்த தூளைக் கிளறுவதற்கென்று வீட்டிலிருந்த தையல் ஊசிகளை எல்லாம் ஒரு தக்கையில் குத்தி வைத்திருக்கிறார். அவர் சட்டையில் இரண்டு பித்தான் இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

இத்தனையும் யாருக்காக? மனைவிக்காக. அந்த அம்மாள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். ஏழே முக்காலுக்குப் பேருந்து. கணவரின் காப்பியைக் குடித்துவிட்டு இதுவரை அவர் சொன்னது ஒரே ஓர் எழுத்து. 'ம்'. 'நல்லா இருக்கு' என்று ஒரு தடவை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் நம்மவரின் லட்சியம். ஒவ்வொரு சோதனையையும் நோட்டில் எழுதுகிறார். நூற்றுப் பதினாறு சோதனை முடிந்துவிட்டது. 'கருத்து' என்ற கட்டத்தில் நூற்றுப் பதினாறு 'ம்'.

நூற்றுப் பதினேழாவது நாள் மைத்துனன் வந்திருந்தான். நம்மவர் வெறும் காகிதத்தின்மேல் வெந்நீரை ஊற்றினார். காகித வாடை போக இப்படி முதலில் அலசிக் கொட்டிவிட வேண்டுமாம். அலசிய நீர் கோப்பையில் இறங்கி நின்றது. அதைக் கொட்டப் போகும் நேரத்தில் மைத்துனன் வாயைத் திறந்தான்.

"மாமா, காப்பி இன்னைக்கு வருமா?"

"பொறு மாப்ள. தூள்மேல முதல்ல கொஞ்சமா தண்ணி விடணும். அப்பதான் அது பூக்கும்."

"பூக்குமா? அது காய்க்கிற வரைக்கும் நான் இருக்க முடியாது மாமா, எனக்கு லீவு இல்ல."

விட்டுவிடுவாரா? மைத்துனனை நாற்காலியில் உட்காரவைத்து, தூள் ஏன் பூக்கிறது, எத்தனை நொடி பூக்கிறது, வட்டமாக ஊற்றினால் என்ன, நேராக ஊற்றினால் என்ன என்று காற்றில் கெண்டியைச் சுற்றிச் சுற்றி விளக்கினார். அதற்குள் மனைவி ஒரு காலில் செருப்போடு ஓடிவந்தார். பேருந்து எங்கே வருகிறது என்று அலைபேசியைப் பார்த்தபடியே கோப்பையை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"இன்னைக்கு நல்லா இருக்குங்க. கசக்கவே இல்ல."

சொல்லிவிட்டுப் போயேவிட்டார்.

நம்மவர் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுக்க ஓடினார். மைத்துனன் மட்டும் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, தூள் இங்கயே இருக்கே."

இருந்தது. பதினெட்டு கிராம், ஒரு துகள் குறையாமல்.

நீங்களும் நானும் என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம், அல்லது வெட்கப்பட்டு வெளியே போயிருப்போம். நம்மவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதினார். சோதனை நூற்றுப் பதினேழு. தூள்: பூஜ்யம். காகிதம்: ஒன்று. கருத்து: நல்லா இருக்கு. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'நாளை இரண்டு காகிதம் வைத்துப் பார்க்கவும்.'

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த வெந்நீர் எத்தனை டிகிரி என்று நான் சொல்லவே இல்லையே என்று உங்களுக்குள் ஓர் உறுத்தல் இருந்தால், தயவுசெய்து உங்கள் சட்டைப் பித்தான்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.