தவராஜாவின் ஜெர்மன்

"அவன் இவ்வளவு நேரம் கதைச்சவன். நீ ஒரு வரியில முடிச்சுப்போட்டாய்," என்றார் அத்தான், வழிகாட்டியைக் காட்டி.

தவராஜாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. அக்காவின் கணவர் இரத்தினசிங்கம் அக்காவோடு கனடாவிலிருந்து டென்மார்க் வந்து இறங்கிய நாள் முதல் இதே பாட்டுத்தான்: இந்தச் சின்ன நாட்டில் இத்தனை வருஷம் இருந்து என்னத்தைக் கிழித்தாய்? பொறுக்க முடியாமல்தான் நேற்றுச் சாப்பாட்டு மேசையில், டெனிஷ் தனக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஜெர்மனும் அத்துப்படி என்று வாயை விட்டு மாட்டிக்கொண்டார். உண்மையில் டென்மார்க் வருமுன் ஒரு ஜெர்மன் அகதி முகாமில் சில வாரம் இருந்ததோடு சரி. அத்தான் சும்மா விடுவாரா? காலையிலேயே தவராஜாவின் ஊரான கிரின்ஸ்டெட்டிலிருந்து காரை எடுக்கவைத்து, எல்லை தாண்டி, ஒரு ஜெர்மன் ஊரின் பழைய நகர மண்டபத்தில் கொண்டுவந்து நிறுத்தி, வழிகாட்டி சொல்வதைத் தமிழில் சொல்லச் சொல்லிவிட்டார்.

சபைக்கூடம் அழகாகத்தான் இருந்தது. சுவரெல்லாம் ஓவியம், கூரையெல்லாம் பொன்பூச்சுப் பூவேலை. வழிகாட்டிதான் வெற்றிலை குதப்புகிறவர் போலக் கதைத்தார். இடைக்கிடை ஒரு சொல் பிடிபடுவது போலிருக்கும். பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

அடுத்த ஓவியத்துக்குத் தவராஜா தாராளமாகவே நீட்டினார். தராசோடு நின்ற பெண்ணை, கலப்பட வியாபாரிகளை நாடு கடத்திய ராணி என்றார். வழிகாட்டி இடையில் சிரித்துத் தொலைத்தார். என்ன பகிடி என்று அத்தான் விடாமல் கேட்க, ராணிக்கு ஊரே பயம், ராணியின் புருஷனுக்கு இன்னும் பயம் என்று சொல்லிவைத்தார். அத்தான் சிரிக்கவில்லை. அக்காவுக்கோ ராணியைப் பிடித்துவிட்டது.

"அவவுக்குப் பிள்ளையள் இருந்ததோ? கேட்டுச் சொல்லு, தம்பி."

இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதற்றத்தில் தவராஜா, முகாமில் கற்றதில் மிஞ்சியிருந்த ஒரே ஜெர்மன் வாக்கியத்தை எடுத்துவிட்டார். வழிகாட்டி மரியாதையோடு நடைவழியின் கடைசிக் கதவைக் காட்டினார்.

"ரெண்டு பிள்ளையளாம். சின்னதிலேயே செத்துப்போச்சுதுகளாம். அங்கைதான் அடக்கம் பண்ணினவையாம்."

இதோடு தொலைந்தது என்று பார்த்தால், அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கண் கலங்க அந்தக் கதவை நோக்கி நடக்கத் தொடங்கினாள். பூட்டியிருக்கும், வேண்டாம் என்று தவராஜா பின்னால் ஓடிப்போவதற்குள் கதவு திறந்துகொண்டது. உள்ளேயிருந்து ஈரக் கையை உதறியபடி ஒரு பெண்மணி வெளியே வந்தார். கழிப்பறையில் தண்ணீர் இழுபடும் சத்தமும் கூடவே வந்தது.

அக்கா செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"ஜெர்மன் தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லியிருக்கலாம்," என்றார் அத்தான்.

தவராஜாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி மறைத்து என்ன? ஜெர்மன் தெரியாதுதான் என்று ஒப்புக்கொண்டார்.

"ஆனால் டெனிஷ் எண்டால் என்னை ஒருத்தரும் அசைக்கேலாது, அத்தான்."

அதற்கு அத்தான் மெல்லத் தலையாட்டினார். இத்தனை வருஷத்தில் அவரிடமிருந்து கிடைத்த முதல் தலையாட்டல் அது. தவராஜாவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அத்தான் வழிகாட்டியிடம் திரும்பி, மிச்சத்தை ஆங்கிலத்தில் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

வழிகாட்டியின் முகம் மலர்ந்தது.

"தாராளமாக. இந்த ஐயா டென்மார்க்கிலிருந்து வந்திருக்கிறார் என்பதற்காகத்தான் இவ்வளவு நேரமும் டெனிஷில் சொல்லிக்கொண்டிருந்தேன்."