ஸ்மைலி வீடு திரும்பிய வரலாறு

மனித நாகரிகத்தின் வரலாற்றை இரண்டே காலங்களாகப் பிரித்துவிடலாம். யானை குறுஞ்செய்தி அனுப்பாத காலம், யானை குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கிய காலம். நெருப்பு, சக்கரம், எழுத்து என்று மற்றவர்கள் அடுக்குவதெல்லாம் முதல் காலத்தின் சில்லறைச் சம்பவங்கள்.

இரண்டாவது காலத்தைத் தொடங்கிவைத்த பெருமை நியாம்புவின் வலதுகை ஆள்காட்டி விரலைச் சேரும். அந்த நேரத்தில் அதில் மண்டாசிப் பணியாரத்தின் எண்ணெய் இருந்தது.

நியாம்பு, ஆப்பிரிக்காவின் சாவோ காட்டின் ஓரத்தில் இயங்கும் 'தந்த நேசர்கள்' அறக்கட்டளையின் சமூக உறவு அலுவலர். அறக்கட்டளையில் சமூகத்தோடு உறவு வைத்துக்கொள்ள ஒருவருக்குத்தான் அனுமதி, அது அவர். கடல் கடந்த நாட்டுப் பற்பசைக் கம்பெனி ஒன்று, சாவோவின் மாபெரும் கொம்பன் ஒன்றைத் 'தத்து' எடுத்து, அதற்கு 'ஸ்மைலி' என்று பெயரும் சூட்டி, அது நிற்குமிடத்தைக் கிராமத்தாரின் கைபேசிகளுக்குச் சொல்ல, கழுத்தில் கட்டும் ஒரு கருவிப் பட்டையும் அனுப்பியிருந்தது. மயக்க ஊசி போட்டுப் பட்டையைக் கட்டியாயிற்று. காட்டை ஒட்டிய கிலமேனி கிராமத்தார் அந்த யானையை ம்குப்வா என்றே அழைத்தார்கள். பெரியவர், மேலதிகாரி இரண்டுக்கும் அந்தப் பக்கத்தில் ஒரே சொல். சொல்லாமல் வரும், சாப்பிடும், மிதிக்கும், போய்விடும். யாரிடமும் புகார் கொடுக்க முடியாது. பொருத்தமான பெயர்தான்.

கணினியில் ஒரு வேலை மட்டும் மிச்சம். கிலமேனியின் நூற்று நாற்பது தோட்டங்களையும் சுற்றி ஒரு கோடு வரைய வேண்டும். வரைந்ததும் கணினி கேட்கும்: 'கோட்டுக்குள் இருப்பது யானைக்கு வீடா, வெளியா?' 'வெளி' என்பதைத் தொட வேண்டும். நியாம்பு மண்டாசியின் கடைசி விள்ளலை வாயில் போட்டபடி தொட்டார். விரல் வழுக்கி 'வீடு' என்பதன்மேல் விழுந்தது. கணினி அவருக்கு நன்றி சொன்னது.

அந்தக் கணத்திலிருந்து கிலமேனி கிராமம் முழுவதும், தேவாலயமும் மாவு மில்லும் உட்பட, ஸ்மைலியின் வீடாயிற்று. சாவோ காடு 'வெளி'யாயிற்று. யானை பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி மரநிழலில் காதை ஆட்டிக்கொண்டு நிற்கும்போது கிராமத்தின் கைபேசிகள் எல்லாம் அலறும்: "எச்சரிக்கை! ஸ்மைலி தன் வீட்டை விட்டு வெளியேறிவிட்டது!" அதுவே வேலியைப் பிரித்துக்கொண்டு மக்காச்சோளத்துக்குள் இறங்கினால், கைபேசி கொஞ்சும்: "மகிழ்ச்சி! ஸ்மைலி தன் வீட்டில் பத்திரமாக உள்ளது. நீங்களும் நிம்மதியாக இருங்கள். பல் துலக்க மறவாதீர்."

பத்து நாள் கழித்துத்தான் நியாம்புவுக்கு விஷயம் உறைத்தது. வவூடா என்ற பெண்மணியின் தோட்டத்து ஓரத்தில் அவர் நின்றிருந்தார். எதிரே இருபது அடியில் கொம்பன் தட்டையோடு கதிரைப் பிடுங்கி மென்றுகொண்டிருந்தது. சட்டைப் பையில் கைபேசி சிணுங்கியது. மகிழ்ச்சி.

வியர்க்க விறுவிறுக்க இயக்குநர் டாக்டர் கெமுன்டோவிடம் ஓடினார்.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு. கோட்ட நான்தான் தலைகீழா..."

"தப்புங்கிற வார்த்தைய நம்ம ஆபீஸ்ல யூஸ் பண்றதில்ல, நியாம்பு. 'கற்றல்'னு சொல்லுங்க."

"சரி மேடம். ஒரு பெரிய கற்றல் நடந்துபோச்சு. யானை சோளத்த மேயுறப்பல்லாம் வீடு திரும்பிருச்சுன்னு மெசேஜ் போகுது."

மேடம் தன் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு வண்ணக் கோடு வானத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. "பத்து நாள்ல பதினேழு தடவ 'வீடு திரும்புதல்'. ஆப்பிரிக்காவுலயே இவ்வளவு வீட்டுப் பாசம் உள்ள யானை கிடையாதாம். கம்பெனிக்காரங்க கண்ணீர் விட்டு லெட்டர் எழுதிருக்காங்க. கிலமேனிக்கு 'சகவாழ்வுக் கிராமம்' விருது. ஆறு வாரத்துல விழா. இப்பப் போயி கோட்ட மாத்துனா யானை வீட்ட விட்டு ஓடிப்போச்சுன்னு ஆகாதா?"

இந்த வாதத்தின் ஆழத்தை வியந்தபடி நியாம்பு வந்த வழியே திரும்பினார். அவருக்குக் கூடவே சான்றிதழும் கிடைத்தது: 'எல்லைகளைப் புதிய கோணத்தில் சிந்தித்தமைக்காக.'

இதற்கிடையில் கிலமேனியில் வேறொரு அறிவியல் புரட்சி சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. அதைத் தலைமையேற்று நடத்தியவர் வவூடா. மாவு மில் வரிசையில் நின்றபடி அவர் ஊருக்கு விளக்கினார்:

"அந்த ஃபோனு என் கொழுந்தன் மாதிரிடி. 'வந்துட்டே இருக்கேன்'னு சொன்னா இன்னும் கெளம்பலன்னு அர்த்தம். 'கவலப்படாதே'ன்னு சொன்னா உடனே கவலப்படணும். ஆனா ஒண்ணு, அவன் ஒருநாள்கூட மாத்திச் சொன்னதில்ல. அப்படியே தலைகீழா எடுத்துக்கிட்டா அவன மாதிரி நம்பிக்கையான ஆளு கிடையாது."

அன்றிலிருந்து 'மகிழ்ச்சி' வந்தால் போதும், நாற்பது பேர் தகரமும் தண்ணீர் கேனும் பானை மூடியுமாகத் தோட்டத்துக்கு ஓடினார்கள். ம்குப்வா இரண்டு வாய் தின்பதற்குள் காதுவலியோடு காட்டுக்குத் திரும்பியது. 'எச்சரிக்கை' வந்தால் ஊர் கால் நீட்டி உட்கார்ந்தது. ஐந்து வாரம் ஒரு தோட்டத்துக்கும் பெரிய சேதம் இல்லை. யானைக்கும் ஒரு கீறல் இல்லை. உலகின் மிகச் சிறந்த யானை எச்சரிக்கை ஏற்பாடு கிலமேனியில் பிழையின்றி இயங்கியது.

இதை ஆபீசுக்குச் சொல்லலாமா என்ற கேள்வி ஊர் நிர்வாகியான சீஃப் மகாங்காவிடம் போனது. அவர் இருபத்திரண்டு வருட அரசாங்க அனுபவத்தைத் திரட்டிப் பதில் சொன்னார்: "வேல செய்யற எதையும் ஆபீஸ் கண்ணுல காட்டாதீங்க. கமிட்டி போட்டுருவாங்க." மேலும், கொடுத்தவன் முகத்துக்கு நேரே அவன் கொடுத்தது ஓட்டை என்று சொல்வது அந்த ஊரில் வழக்கமில்லை. நல்லாயிருக்கு என்று சொல்லி வாங்கி, வீட்டுக்குப் போய் அடைத்துக்கொள்வதுதான் மரியாதை.

யாரும் புகார் சொல்லாத இந்த மரியாதைதான் நியாம்புவைக் கொன்றுகொண்டிருந்தது. அவருக்கு இளகிய மனசு. சமூக உறவு அலுவலருக்கு இருக்கக்கூடாத வியாதி. ஒரு மாலை வவூடாவின் தோட்டத்துக்குப் போய் நின்றார். கதிர்கள் பால் கட்டி, மணி இறுகத் தொடங்கியிருந்தன.

"அக்கா, மெசேஜ் எல்லாம் ஒழுங்கா வருதா?"

"தவறாம வருது தம்பி. ரொம்ப உபயோகம். வந்த நிமிஷமே தகரத்தத் தூக்கிட்டு ஓடிருவோம்."

"கேலி பண்றீங்களா?"

"உன்னையப் போயி கேலி பண்ணுவனா? உக்காரு, கதிரு சுட்டுத் தாரேன்." அடுப்புத் தணலில் கதிரைத் திருப்பியபடி வவூடா தோட்டத்தைப் பார்த்தார். "மூணு வருஷமாக் கடை மாவுலதான் உகாலிக் களி கிண்டுறேன். மொத வருஷம் மழை இல்ல. அடுத்த ரெண்டு வருஷமும் ம்குப்வா முந்திக்கிட்டாரு. இந்தத் தடவ என் கொல்லைச் சோளம். இன்னும் பத்தே நாளு. மொத உகாலிக்கு உன்னையத்தான் கூப்பிடணும்னு இருக்கேன்."

நியாம்பு சுட்ட கதிரைக் கடிக்காமல் கையிலேயே உருட்டினார். தன் விரலால் நாசமாகப் போகிற தோட்டத்துக்காரி தனக்கே விருந்து வைக்கிறாள்! அவள் சொன்ன 'உபயோகம்' அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அது அப்பட்டமான உண்மையாக இருக்கக்கூடும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. படித்தவர்.

விழாவன்று காலை, மேடம் கூடாரத்துக்குக் கம்பம் நடுவதை மேற்பார்வையிடப் போயிருந்த நேரத்தில், நியாம்பு கணினி முன் உட்கார்ந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். கோட்டைத் திறந்து, 'வீடு' என்பதை எடுத்துவிட்டு 'வெளி' என்பதைத் தொட்டார். மாற்றம் அடுத்த செய்தியிலிருந்து அமலாகும் என்றது கணினி. வலதுகை செய்யும் நன்மை இடதுகைக்குத் தெரியக்கூடாது என்று ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவர், ஆகவே யாரிடமும் சொல்லவில்லை. இடதுகைக்கும் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. நூற்று நாற்பது கைபேசிக்காரர்களுக்கும் தெரியாது.

ஒன்பது மணி விழா பன்னிரண்டரைக்குக் குறித்த நேரத்தில் தொடங்கியது. ஊர் முழுக்கப் பள்ளிக்கூட மைதானத்தில் கூடியிருந்தது. எல்லோருக்கும் டி-ஷர்ட் கொடுத்திருந்தார்கள். அதில் யானை ஒன்று பல் விளக்கியது. தந்தத்தைத்தான் விளக்கியது. தொடக்க ஜெபம், அதை நடத்தியவருக்கு நன்றி, தேசிய கீதம், விருந்தினர்களை அறிமுகப்படுத்துபவரை அறிமுகப்படுத்துதல், சோடா விநியோகம் என்று முக்கிய நிகழ்ச்சிகள் முடியவே மூன்றரை ஆகிவிட்டது. பிறகு மேடம் மைக்கைப் பிடித்தார். 'யானை நமக்கு அண்டை வீட்டார்' என்று தொடங்கி நாலே முக்காலுக்கு 'ஆகவே' என்ற இடத்துக்கு வந்திருந்தார்.

அப்போது நூற்று நாற்பது கைபேசிகளும் ஒன்றாக அலறின.

"எச்சரிக்கை! ஸ்மைலி தன் வீட்டை விட்டு வெளியேறிவிட்டது!"

நியாம்பு பயந்து நிமிர்ந்தார். கூடவே ஒரு பெருமிதமும். சரியான செய்தி, சரியான நேரத்தில்! இதோ, எல்லோரும் எழுந்து ஓடப்போகிறார்கள்.

யாரும் எழவில்லை. எல்லோரும் கைபேசியைப் பார்த்தார்கள், புன்னகைத்தார்கள், நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்கள். சிலர் கைதட்டினார்கள். தன் 'ஆகவே'வுக்குக் கிடைத்த கைதட்டல் என்று மேடம் அதை இன்னொரு முறை சொன்னார். வவூடா செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டாவது சோடாவைத் திறந்தார்.

நியாம்பு முதல் வரிசைக்கு ஊர்ந்து போனார். "சீஃப், மெசேஜ் பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். நல்ல சேதி."

"நல்ல சேதியா? யானை தோட்டத்துக்குள்ள இறங்கிருச்சு!"

"உஷ். மேடம் பேசிட்டிருக்காங்கல்ல? நீ பயப்படாதய்யா, அது இந்நேரம் நடுக்காட்டுல நிக்கும்."

நியாம்பு குனிந்தபடியே வவூடாவிடம் ஓடினார். "அக்கா! உங்க தோட்டம்! யானை!"

"அட, உக்காரு தம்பி." வவூடா அவர் தோளைத் தட்டினார். "நீயும் இத்தன நாளா மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்குற, பாவம். இன்னிக்குச் சொல்லிடுறேன். உங்க மெசேஜு தலைகீழ்னு எங்களுக்கு எப்பவோ தெரியும். 'எச்சரிக்கை'ன்னா ம்குப்வா காட்டுல. 'மகிழ்ச்சி'ன்னா தோட்டத்துல. அத வச்சுத்தான் இத்தன வாரமா வெரட்டிட்டிருக்கோம். வருத்தப்படாதே."

நியாம்பு அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்குக் காலைலதான்க்கா," என்றார், "நேராக்குனேன்."

வவூடா எழுந்தார். சோடா பாட்டில் மண்ணில் விழுந்து உருண்டது. செருப்பைப் போடாமல் ஓடினார்.

அவர் ஓடியதைப் பார்த்து மில்காரர் ஓடினார், மில்காரரைப் பார்த்து ஊரே ஓடியது. விழா நாற்காலிகளே தகரமாயின. மேடம் மைக்கில், "பாருங்கள், தங்கள் அண்டை வீட்டாரைக் காண மக்கள் எவ்வளவு ஆவலோடு ஓடுகிறார்கள்!" என்று முழங்க, படம் எடுப்பவர்களும் பின்னால் ஓடினார்கள். அந்தப் படம் பிறகு ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. மிக அழகான படம்.

ஊர் வவூடாவின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ம்குப்வா சாவகாசமாகக் கடைசி வரிசைகளுக்கு வந்திருந்தது. சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பியது, வாயிலிருந்த கதிரை முடித்தது, ஒரு விருந்தாளியின் நிதானத்தோடு காட்டை நோக்கி நடந்தது. நாலு வரிசை நின்றது. மற்ற இடமெல்லாம் மடங்கிய தட்டையும் முறம் முறமாகக் கால்தடமும்தான்.

நியாம்பு முதலில் மேடத்திடம் போனார். "மேடம், இது என் தப்பா?"

"இதுல யாரோட தப்பும் இல்ல. எல்லாரும் சேந்து கத்துக்கிட்டோம்," என்றார் மேடம், படத்துக்கு முகத்தைத் திருப்பியபடி.

சீஃபிடம் போனார். "சீஃப், என் தப்பா?"

"கடவுள் சித்தம்னு ஒண்ணு இருக்கு. விழா லேட்டானதுன்னு ஒண்ணு இருக்கு. சோடாவும் ஒரு காரணம். பாக்கலாம், பாக்கலாம்."

கடைசியாக அவர் தோட்டத்துக்குள் இறங்கினார். வவூடா குந்தி உட்கார்ந்து, மிதிபட்ட கதிர்களில் தப்பியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நியாம்புவும் குந்தி உட்கார்ந்து பொறுக்கினார். கூடை பாதி நிறைந்தது.

"அக்கா, நீங்களாவது நேராச் சொல்லுங்க. என் தப்புதானே?"

"ஆமா," என்றார் வவூடா.

நியாம்புவுக்கு அந்த ஒரு சொல்லில் மூச்சு வந்தது. ஆறு வாரத்தில் யாரும் அவருக்குக் கொடுக்காத சொல்.

"மொதல்ல பண்ணுனியே, அது தப்பில்ல. கை யாருக்கும் வழுக்கும். அந்தத் தப்ப நாங்க தட்டி நிமித்தி, ஊருக்கு உபயோகமா ஆக்கி வச்சிருந்தோம். இன்னிக்கு நல்லது பண்ணுனியே, அதுதான் தப்பு. கெடுத்தப்பவும் எங்களக் கேக்கல, திருத்துனப்பவும் எங்களுக்குச் சொல்லல. யானை எங்க நிக்குதுன்னு கடலுக்கு அந்தாண்ட இருக்கற பல்பசக்காரனுக்குத் தெரியுது. அது நிக்கிற கொல்லைக்காரிக்குத் தெரியல."

ஒரு கதிரின் மண்ணைத் தன் டி-ஷர்ட்டில், பல் விளக்கும் யானையின் மேல் வைத்து, துடைத்துக் கூடையில் போட்டார்.

"அதுக்குக் கழுத்துல பட்டை கட்டுனீங்க, எங்களுக்கு மாருல இதக் கட்டுனீங்க. அது முரண்டு பிடிக்கும்னு பயந்து ஊசியாவது போட்டீங்க தம்பி. எங்களுக்கு ஒரு சோடாவே போதும்னு நெனச்சுட்டீங்க."