அடி திறக்காத பை

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் அவர்களுக்கு, பை தைக்கும் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் நலமாகத்தான் இருப்பீர்கள். தலைவலி ஏதாவது இருந்தால் அது போன பிறகு படியுங்கள், படித்து முடித்ததும் வேறொன்று வரும். உங்கள் மருமகள், அதாவது என் மகள், பாஸ்.

போன மாதம் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டே, இவளுக்கு டாக்டர் படிப்பு ஒத்துவராது, நிறுத்திவிட்டு என் பெயின்ட் கடைக் கல்லாவில் உட்கார வை என்று சொன்னீர்களே, அன்றைக்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கருவில் குழந்தை உருவாகும் பாடத்தில் இடுப்புக்கு மேலே எதைக் கேட்டாலும் மடமடவென்று சொல்கிற பெண், கீழே வந்தால் மட்டும் முன்னதைப் பின்னதாகவும் பின்னதை முன்னதாகவும் உளறிவிடுவாள். வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்கும் பேராசிரியை சிரித்தே அறியாதவர். இரண்டு தடவை அதே இடத்தில் கவிழ்ந்தாயிற்று, இந்தத் தடவையும் கோட்டை விட்டால் கல்லூரியை விட்டே வெளியே.

நான் சும்மா இருப்பேனா? என்னதான்டி அது என்று கேட்டேன். கருவில் முதலில் அடிவயிற்றுக்குள் ஒரே ஒரு பைதானாம். மேலிருந்து ஒரு தடுப்பு இறங்கி அதை இரண்டாக்குமாம், முன்பக்கம் சிறுநீர்ப்பை, பின்பக்கம் மலக்குடல். அட, இது நம்ம வேலைதானே என்று மழைக்கோட்டுத் துணியில் உட்கார்ந்தேன். முன்பக்கத்துக்கு மஞ்சள், பின்பக்கத்துக்குப் பழுப்பு, காரணத்தைக் கேட்காதீர்கள். தைத்து முடித்து, மேலே இரண்டு வாய் வைத்து, கூடத்தில் தொங்கவிட்டுத் தண்ணீரும் ஊற்றியாயிற்று. உங்கள் மாப்பிள்ளை கீழே வாளியோடு குந்தியிருக்கிறார். பை உப்புகிறது, உப்புகிறது, ஒன்றும் வரவில்லை. ஒரு சொட்டு கசியாது பாத்தியா என்று நான் பெருமையாக நிற்க, இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"அம்மா, நீ தைச்ச குழந்தை பொறந்ததும் நேரா ஆபரேஷனுக்குத்தான் போகணும்."

அடியில் மெல்லிய சவ்வுதான் இருக்குமாம், அது தானாகக் கிழிந்து இரண்டு வழியும் திறக்குமாம். நானோ பழக்க தோஷத்தில் இரட்டைத் தையல் போட்டு வைத்திருக்கிறேன். நம்ம தொழிலில் அடி பிரிந்தால் மானம் போகும், அங்கே பிரியாவிட்டால் உயிரே போகுமாம். என் தையலை நானே வெட்டினேன். முன்வழித் தண்ணீர் வாளியில் விழுந்தது, பின்வழித் தண்ணீர் உங்கள் மாப்பிள்ளை மடியில். அதிலிருந்து எது முன், எது பின் என்று அவளுக்கு மறக்கவே இல்லை, அவருக்கும்தான்.

தேர்வில் அதே கேள்வி வந்ததாம். அட்சரம் பிசகாமல் சொன்னாளாம். அந்தச் சவ்வு கிழியாவிட்டால் என்று பேராசிரியை மடக்க, இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். ஏன் சிரிக்கிறாய் என்றதும் என் கதையைச் சொல்லிவிட்டு, பதிலையும் முழுசாகச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாவே சிரித்தாராம், அண்ணா. பை இப்போது அவர்கள் வகுப்பறையில் தொங்குகிறது. நம்ம பக்கத்திலிருந்து ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது, ஒண்டியாக நின்று ஜெயிச்சிருக்கேன். இதை உங்க கடையில நாலு பேர் கேக்கற மாதிரி சத்தமா படிங்க.

அண்ணிக்கு என் வணக்கம். உங்களுக்கும் உண்டு, கொஞ்சம் குறைவாக. தோற்றதை ஒப்புக்கொள்ளும் நல்ல மனதோடு நீங்கள் நெடுங்காலம் வாழ்க.

இப்படிக்கு,
ஜெயித்த தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமாவுக்கு இதை அனுப்பாதேம்மா என்கிறாள். கடை ஓய்ந்த மாலைகளில் போனில் தினமும் பாடம் கேட்டது நீங்களாமே. உங்களுக்குப் புரியும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தீர்களாமே. சவ்வு கிழியலைன்னா என்னம்மா ஆகும் என்று முதலில் கேட்டதும் நீங்கள்தானாம். அப்புறம் எதுக்குடி நிறுத்தச் சொன்னாரு என்று கேட்டேன். "நிறுத்துன்னு சொன்னாத்தான் உங்கம்மா வீம்புக்காவது விடமாட்டா"ன்னு சொன்னீங்களாம். பாவி மனுஷா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மேலே எழுதினதை எல்லாம் கிழிச்சுப் போடுங்க, மறுபடி எழுத முடியல, கண்ணு மறைக்குது. கல்லாவுக்கு வேற ஆளப் பாருங்கண்ணா. நம்ம பொண்ணு டாக்டராகப் போறா.