நல்ல தண்ணிக் கிணற்றில் ஒரு விரால்

நாலு பக்கமும் கடல் உள்ள ஊரில் இருந்துகொண்டு, மீன் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று பெருமூச்சு விட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அந்த ஒருவரும் என் வீட்டில்தான் வாடகைக்கு இருந்தார்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கரம்பொன்னில் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் யாரும் அதைப் பாவித்ததில்லை. விரால் சேர் என்றால்தான் தெரியும். வன்னியில் முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே பிறந்து வளர்ந்தவர். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இடமாற்றம் வந்து, மனைவி பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு, எங்கள் பக்கத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மகள் கலியாணம் கட்டிப் போன பிறகு அவளுடைய அறை சும்மா கிடந்தது. சாப்பாட்டோடு அறை தருகிறோம் என்று சொன்னேன். அந்தச் 'சாப்பாட்டோடு' என்ற சொல்லை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கலாம்.

வந்த முதல் நாள் விளைமீன் குழம்பு. என் கணவர் நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். விடியப் பிடித்த மீனைச் சந்தைக்குக் கொடுக்காமல் விருந்தாளிக்கென்று கொண்டுவந்திருந்தார். புளி அளவு, தேங்காய்ப்பால் அளவு எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தேன். சேர் ஒரு வாய் வைத்தார். மென்றார். கூரையைப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"குறை சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ அக்கா. குழம்பு நல்லா இருக்குது. ஆனா இது மீன் இல்லை."

கணவரின் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது. அவர் அதிகம் பேசாதவர். அன்றைக்கு மிச்சச் சோற்றை நாய்க்குப் போட்டுவிட்டு எழுந்து போனார்.

சேருடைய கொள்கை இதுதான். மீன் என்றால் விரால். குளத்துச் சேற்றுக்குள் கிடந்து வளர்ந்த விரால். அதற்கு ஒரு மண் வாசம் உண்டு. கடலில் இருப்பதெல்லாம் உப்பில் ஊறிய வேறு ஏதோ சாமான். பாரை வைத்தால் பெருமூச்சு, சுறா வறை வைத்தால் பெருமூச்சு, நண்டு வைத்தால் அதை உடைக்கிற நேரமெல்லாம் விரால் கதை. காணி உறுதி விஷயமாகக் கந்தோருக்குப் போன சரவணை ஊர்க்காரர் ஒருவர், உறுதியைக் காட்ட முதலே அரை மணித்தியாலம் விரால் பொரியலைப் பற்றிக் கேட்டுவிட்டு, பசி தாங்காமல் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார்.

தவக்காலத்தில் பங்குச் சுவாமியார் வீட்டுக்கு வந்தார். சாப்பிட இருத்தினோம். சேர் என் கணவாய்க் கறியை வாயில் வைத்துக்கொண்டே அவரிடம் சொன்னார்: "சுவாமி, நீங்கள் நாப்பது நாள்தான் ஒறுத்தல் செய்யிறியள். நான் இஞ்ச வந்த நாள் தொடக்கம் செய்யிறன்." சுவாமியார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

இதற்குள் மனிதர் மெலியத் தொடங்கினார். இடுப்புப் பட்டிக்குப் புதுத் துளை போட்டுக் காற்சட்டையை இறுக்கினார். பூசை முடிந்து வரும்போது, சேருக்கு ஒழுங்காகச் சாப்பாடு கொடுப்பதில்லையா என்று எங்கள் ஒழுங்கைப் பிலோமினா அக்கா எல்லாருக்கும் முன்னால் கேட்டார். என் சமையலில் ஒரு ஊரே வளர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அடுத்த நாளே பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். சந்தை முழுக்க அலைந்து, ஐஸ் பெட்டிக்குள் கிடந்த விரால் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் குழம்பு வைத்தேன். சேர் மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மணந்து பார்த்தார். "இது இரணைமடு" என்றார். வேறு குளத்து மீனாம். நான் குசினிக்குள் போய்ச் சட்டியோடு கதைத்தேன். சேரோடு கதைத்திருந்தால் பாவம் சேர்ந்திருக்கும்.

பிறகு வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குப் போய்விட்டுப் பின்னேர பஸ்ஸில் திரும்பிய சேரின் கையில் மூடி போட்ட வாளி. உள்ளே உயிரோடு ஒரு விரால், முழங்கை நீளம். மூன்று பஸ் மாறி மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அடுத்த நாள் வேலை முடிந்து வந்து தானே சமைக்கப் போவதாகச் சொன்னார். அவர் வந்து எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். சரி, ஒரு நாளைக்காவது நிம்மதி என்று நானும் நினைத்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலை ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரி பிலோமினா அக்காவின் குரல். நல்ல தண்ணிக் கிணற்றுக்குள்ளிருந்து பாம்புத் தலை ஒன்று அவரை எட்டிப் பார்த்ததாம். வாளியையும் கயிற்றையும் உள்ளே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். சனம் கூடிவிட்டது. சேர் வாயில் பல்லுத் தூரிகையோடு வந்து, பயப்பட ஒன்றுமில்லை, அது தன்னுடையதுதான் என்றார்.

வாளிக்குள் கிடந்தால் மீன் சோர்ந்துவிடும் என்று கிணற்றில் விட்டிருக்கிறார். அவர்களுடைய ஊரில் அப்படித்தானாம். எங்கள் வளவுக்குள்ளும் ஒரு கிணறு இருக்கிறதே, அதற்குள் விட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

"அது உவர்த் தண்ணியெல்லோ அக்கா. ருசி மாறிப்போம்."

தீவில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு, எல்லாம் உவர். குளிக்கலாம், துவைக்கலாம். குடிக்கிறதற்கும் உலை வைக்கிறதற்கும் ஒழுங்கைக்கே அந்த ஒரு கிணறுதான். அதற்குள் செருப்புக்காலோடு எட்டிப் பார்த்தாலே ஏச்சு விழும். அதில்தான் மனிதர் மீன் வளர்த்திருக்கிறார்.

அதோடு விட்டாரா? மெசினைக் கொண்டுவந்து தண்ணீர் முழுவதையும் இறைத்து ஒரு மணித்தியாலத்தில் மீனைப் பிடித்துவிடலாம் என்று புறப்பட்டார். என் கணவர் குறுக்கே போய் நின்றார். ஒழுங்கையே பின்னால் நின்றது.

"அடியில கடல் நிக்குது, தம்பி. நல்ல தண்ணியை இறைச்சா உப்பு மேல ஏறும். ஏறினா இறங்காது."

சேர் மெசின் யோசனையை அங்கேயே விட்டுவிட்டார். எவ்வளவு இறைத்தாலும் குளம் திரும்ப நிரம்புகிற ஊர்க்காரர் அவர். தான் எதற்குள் கை வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு எங்கள் கடற்தொழிலாளர்கள் வரிசையாக வந்தார்கள். சுறாவைப் பிடிக்கிறவர்களுக்கு இது என்ன பெரிய காரியம்? வீச்சுவலை கிணற்றுக்குள் விரியவில்லை. தூண்டிலில் இறால் குத்திப் போட்டார்கள். விரால் திரும்பியும் பார்க்கவில்லை. கணவாய்த் துண்டு போட்டார்கள், சூடை போட்டார்கள். அதுவும் சேரைப் போலத்தான், கடல் சாமான் எதிலும் வாய் வைக்கவில்லை. தவளை குத்தினால் உடனே வரும் என்று சேர் சொன்னார். குடிக்கிற தண்ணிக்குள் தவளையா என்று பெண்கள் விரட்டினார்கள்.

நாலு நாள் ஒழுங்கைச் சனம் போத்தில் தண்ணீர் வாங்கியது, சைக்கிளில் குடம் கட்டி அடுத்த ஒழுங்கைக்கு அலைந்தது. என்னோடு ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வியாழக்கிழமை பிலோமினா அக்கா எங்கள் வாசல் படலையில் நின்று முடிவைச் சொன்னார். சனிக்கிழமைக்குள் மீன் வெளியேற வேண்டும், அல்லது மீன்காரர் வெளியேற வேண்டும். எனக்கும் அதுதான் நியாயம் என்று பட்டது. மகளின் அறையைத் திரும்பக் கேட்கிற வசனத்தைக் கூட மனதுக்குள் எழுதி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சேர் லீவு போட்டார். கப்பிக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார், கிறீச்சிடாமல் இருக்க. அகன்ற வாய் வாளி ஒன்றைத் தேய்த்துக் கழுவி, தண்ணிக்குக் கீழே ஒரு முழம் இறக்கி, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு குந்தினார். விரால் மூச்சு வாங்க மேலே வந்துதான் ஆக வேண்டுமாம். உச்சி வெயில் தலையில் இறங்கியது. மனிதர் அசையவில்லை. மூன்று முறை மீன் வந்து போனது, வாளிக்கு நேரே வரவில்லை. சேர் இமைக்கவும் இல்லை. ஒழுங்கைச் சனம் ஒவ்வொருவராக வந்து சத்தமில்லாமல் பின்னால் நின்றது. நாலாம் முறை கயிறு ஒரு இழுவை. வாளிக்குள் விரால் துள்ளியது.

யாரும் கை தட்டவில்லை. என் கணவர்தான் எட்டு மாதத்தில் முதன்முறையாக அவரைப் பாராட்டி வாய் திறந்தார்.

"உமக்குத் தொழில் தெரியும்" என்றார்.

அன்று சேரே சமைத்தார். என்னைக் குசினிக்குள் விடவில்லை. வெட்டியது, அரைத்தது, தாளித்தது எல்லாம் அவர்தான். எங்கள் இருவருக்கும் பரிமாறிவிட்டுத் தானும் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைத்தார். பிறகு கையைக் கோப்பையிலேயே வைத்துவிட்டுக் குனிந்திருந்தார்.

"என்ன தம்பி?"

"மண் வாசம் போயிட்டுது அக்கா. அஞ்சு நாள் நல்ல தண்ணியில கிடந்தெல்லோ, கழுவுப்பட்டுப் போச்சு. உங்கட விளைமீன் மாதிரித்தான் இருக்குது."

எட்டு மாதமாக இந்த மனிதர் என் விளைமீனைக் கொஞ்சம் புகழ மாட்டாரா என்று காத்திருந்தவள் நான். அது இப்படியா வர வேண்டும்? அவருடைய கண் கலங்கியிருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு வாய் ஊர்தான், அதை எங்கள் தண்ணீர் கழுவிவிட்டது. மனதுக்குள் எழுதி வைத்த வசனத்தில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. வந்தது ஏச்சுத்தான்.

"அடுத்தமுறை மீனை மட்டும் கொண்டு வராதையும். ரெண்டு வாளி சேறும் கொண்டு வாரும். பின்வளவில தொட்டி கட்டித் தாறம்."

சனிக்கிழமையே கணவர் சீமெந்துப் பை ஒன்றோடு வந்தார். அதன் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் சேர் சேறும் விராலுமாகத்தான் பஸ் ஏறினார். கொண்டக்டர்மார் ஏசியதைப் பற்றித் தனியாக எழுதலாம். இடையில் என் விளைமீனை அவர் ஒருநாளும் புகழவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சேர் மாற்றம் கிடைத்துத் தன் ஊருக்குப் போய் ஒரு வருடமாகிறது. போன கிழமை டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர், நுளம்பு வரும், அந்தத் தொட்டியை உடைத்துவிடுங்கள் என்றார். தண்ணீரை இறைத்துக் காயவிட்டேன். உடைக்க மட்டும் ஏலாது என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் திடீரென்று ஒரு நாள் வாளியோடு வந்து படலையில் நின்றால், மீனை எங்கே விடுவார்?