எண்ணெய் தண்ணீரோடு சேரும்

விஷ்ராந்த்வாடியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தாள் சியாமளா. கோயம்புத்தூரில் வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள். கணவனுக்கு மென்பொருள் வேலை கிடைத்ததால் புனேவுக்கு வந்தவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்படிப்பட்டவர்கள் எதையும் நிரந்தரமாகச் சொல்லிவிடக் கூடாது என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

2003-ஆம் வருஷம். அன்றைக்குக் கலவைகளும் கரைசல்களும் பாடம். ஒரு குவளையில் உப்பு கரைந்தது. இன்னொன்றில் எண்ணெய் மிதந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பலகையில் எழுதினாள்: 'எண்ணெய் தண்ணீரோடு சேராது.'

அந்த நேரம் பார்த்துத்தான் உதவிக் கல்வி அதிகாரி பாட்டஸ்கர் ஆய்வுக்காக உள்ளே நுழைந்தார். பின்னால் தலைமையாசிரியை ஜோசபின்.

அதிகாரி பலகையைப் படித்தார். முகம் வாடியது.

"மேடம், இது என்ன வாரம்?"

"தேசிய ஒருமைப்பாட்டு வாரம் சார்."

"இந்த வாரத்தில் போய்ச் 'சேராது' என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?"

"அது எண்ணெயோட குணங்க சார்."

"குணத்தைத் திருத்தத்தானே பள்ளிக்கூடம்?"

சியாமளா படித்த எம்.எஸ்ஸி.யில் இந்தக் கேள்வி வரவே இல்லை.

கலக்கச் சொன்னார் அதிகாரி. முன்வரிசையில் இருந்த வைஷு என்ற பெண் எழுந்துவந்து கரண்டியால் கலக்கினாள். எண்ணெய் பொடிப் பொடியாகச் சிதறிக் குவளையெங்கும் சுழன்றது.

"சேர்ந்துவிட்டதே!"

வைஷு கையை எடுத்தாள். எண்ணெய் மெல்ல மேலே வந்து மறுபடி ஒன்றாகக் கூடிக்கொண்டது.

"பிரிஞ்சுருச்சுங்க சார்" என்றாள் சியாமளா.

"பிரியாமல் என்ன செய்யும்? கலக்குவதை நிறுத்தச் சொன்னது யார்?"

அடுத்து உப்புக் குவளை.

"இதில் உப்பு எங்கே?"

"கரைஞ்சுருச்சுங்க சார்."

"அடையாளமே இல்லாமலா?" அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "வெளியே சொல்லிவிடாதீர்கள். யாருடைய தனித்தன்மையும் கெடாமல் ஒன்றுசேர்ப்பதுதான் அரசின் கொள்கை."

ஆக, உப்பு சேரவும் வேண்டும், தெரியவும் வேண்டும் என்று முடிவாயிற்று. சியாமளா கரண்டி கரண்டியாக உப்பை அள்ளிக் கொட்டினாள். கரைய வழியில்லாமல் மிச்சம் அடியில் தங்கியது. அதிகாரிக்குத் திருப்தி. கிளம்பும்போது ஒரு சந்தேகம் கேட்டார்.

"எப்போதும் எண்ணெயே மேலே வருகிறதே, ஏன்?"

"கனமில்லாததுதான் சார் மேல வரும்."

அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "அதைப் பாடத்தில் சேர்க்க வேண்டாம்."

சில நாளில் எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை வந்தது. 'எண்ணெயானது, உரிய மேற்பார்வையில், இடைவிடாது கலக்கப்படும் பட்சத்தில், தண்ணீரோடு சேரும் என்று இதன் மூலம் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது. இதற்கு முரணான முந்தைய நிலைகள் யாவும் ரத்து செய்யப்படுகின்றன.'

அன்று முதல் ஜோசபினின் அறை வாசலில் ஒரு குவளை வைக்கப்பட்டது. அதிகாரி எந்த நேரமும் வரலாம் என்பதால் பிள்ளைகள் முறைபோட்டுக் கலக்கினார்கள். சியாமளா பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்தாள். சாங்வியில் ஒரு டியூஷன் சென்டர் 'கலக்கல் சிறப்புப் பயிற்சி' தொடங்கியது. ஐ.டி. வேலைக்கு வந்த பெற்றோர்கள் இடம்கிடைக்காமல் சிபாரிசு தேடினார்கள்.

அரையாண்டுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் கல்வி அலுவலகத்திலிருந்தே வந்தது. 'எண்ணெய் தண்ணீரோடு சேருமா?' எல்லாரும் சேரும் என்று எழுதியிருந்தார்கள். வைஷு மட்டும், 'சேராது. நான்தான் கலக்கினேன், எனக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தாள்.

சியாமளா அந்தத் தாளை ஜோசபினிடம் எடுத்துப் போனாள்.

"தப்புன்னு போட்டுரும்மா" என்றார் ஜோசபின். "உன் பெர்மனென்ட் ஆர்டர் அந்த அதிகாரி மேசையிலதான் கெடக்கு. அது வந்தப்புறம் நீ எண்ணெய எங்க வேணா மெதக்க விடு."

போட்டாள். யார் கண்ணிலும் படாத அளவுக்குச் சின்னதாகத்தான் போட்டாள்.

வைஷுவின் அப்பா வெங்கடேஸ்வரன் லோஹேகாவில் விமானப்படை ஊழியர். மறுநாள் மகளையும் விடைத்தாளையும் கையோடு கொண்டுவந்து நின்றார். சியாமளாவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். நமக்குப் பதில் இவராவது சண்டை போடட்டும்.

"டீச்சர், இவ எழுதினது சரிதானே?"

"சரிதானுங்க."

"அப்புறம் ஏன் தப்பு போட்டீங்க?"

"சேரும்னு சர்க்குலர் வந்திருக்குதுங்க."

"சர்க்குலரா!" அவருடைய குரல் தணிந்தது. "அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர்." மகள் பக்கம் திரும்பினார். "மிஸ்கிட்ட சாரி சொல்லு."

வைஷு அப்பாவைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். சாரி சொன்னாள்.

சியாமளாவின் வேலை ஜனவரியில் நிரந்தரமானது. இனி உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொடுப்பது என்ற உறுதியோடு வகுப்புக்குப் போனாள். புதுப் பாடம். பலகையில் பளிச்சென்று எழுதினாள்: 'பூமி சூரியனைச் சுற்றுகிறது.'

யாரும் நோட்டைத் திறக்கவில்லை. வைஷு கை தூக்கினாள்.

"மிஸ், இதுக்கு சர்க்குலர் வந்தாச்சா?"

"இதுக்கெல்லாம் எதுக்கு..." என்று ஆரம்பித்த சியாமளா நிறுத்தினாள். பிள்ளைகள் பேனாவும் கையுமாகக் காத்திருந்தார்கள். "இருங்க, கேட்டுட்டு வர்றேன்" என்று ஜோசபினின் அறைக்குப் போனாள்.

திரும்பி வந்தவள் 'சுற்றுகிறது' என்பதை அழித்துவிட்டு, 'சுற்றக்கூடும்' என்று எழுதினாள். வகுப்பு முழுவதும் அழகான கையெழுத்தில் அதை எழுதிக்கொண்டது.