பிறர் தட்டில் பத்தியம்

இன்று உங்களுக்கு ஓர் உயிரினத்தை அறிமுகப்படுத்தப் போகிறேன். கற்பிட்டி முனையிலிருந்து சிலாபம் வரை இந்தக் கரையோரம் முழுக்கப் பரவி வாழ்வது. உப்புக் காற்றும் லொறிப் புகையும் இதை ஒன்றும் செய்வதில்லை. இதன் பெயர் பிறர்தட்டுப் பத்தியக்காரர்.

பத்தியம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நோய் வருத்தம் வந்தவர் வாயைக் கட்டுவது. ஆனால் வாயைக் கட்டுவது கஷ்டமான வேலை என்பதை இவர் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார். என் வாய் கட்டுப்படாத வாயாக இருக்கிறது, அப்படியானால் கட்டுப்படக்கூடிய வாய் எங்கே இருக்கிறது என்று தேடிப் புறப்படுவார். கொஞ்சம் சின்ன வாயாக, எதிர்த்துக் கதைக்காத வாயாக, வரிசையில் நிற்கப் பழகிய வாயாக இருந்தால் விசேஷம். அப்படிப்பட்ட வாய்கள் ஒரே கூரையின்கீழ் தொண்ணூற்று நான்கு கிடைக்கும் இடம் எது? ஆரம்பப் பாடசாலை.

இவரை அடையாளம் காண்பது சுலபம். யார் வீட்டுக்குப் போனாலும் ஆட்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தட்டைப் பார்ப்பார். "ஆராய்ச்சி சொல்லுது" என்று தொடங்குவார், யாருடைய ஆராய்ச்சி என்று சொல்லமாட்டார். எங்கள் கலியாண வீடுகளில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே பெரிய தட்டில் தின்பது வழக்கம். பத்தியக்காரர் உட்காரும் சஹனை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். நெய்யும் எண்ணெயும் சீனியும் மனிதனின் பகைவர்கள் என்று ஆரம்பித்து, கொழுப்பு இரத்தக் குழாயில் எப்படிப் படிகிறது என்பதைச் சோற்றிலேயே விரலால் வரைந்து காட்டி, கேட்டுக்கொண்டிருக்கும் ஐந்து பேருக்கும் பசி செத்துப்போகும் வரைக்கும் விளக்கி, விளக்கம் முடிகிற நேரத்தில் சஹனின் நடுவில் இருந்த கோழியையும் முடித்திருப்பார். கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம் வரும். "வந்த சாப்பாட்ட வேணாம் எண்டா பரக்கத் போயிரும்" என்பார். அல்லாஹ்வின் அருளும் மார்க்கமும் அவருக்குச் சரியான நேரத்தில் ஞாபகம் வரும்.

எங்கள் ஊரில் இந்த இனத்தின் நல்ல மாதிரி நெய்னார் ஹாஜியார். பாலாவிச் சந்தியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது. எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். கெட்ட மனிதரா? இல்லவே இல்லை. காற்றில் கூரை பறந்தபோது கேட்காமலே தகரம் அனுப்பியவர். தண்ணீர்த் தாங்கி அவர் தந்தது. நான் அந்தப் பாடசாலையில் ஆசிரியன், பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் பொறுப்பானவன். ஆகவே நான் சொல்லப்போவது கேள்விப்பட்ட கதை அல்ல.

சாப்பாடு எங்களிடம் ஏற்கெனவே நன்றாகத்தான் இருந்தது. அரசாங்கத்தின் பாடசாலை உணவுத் திட்டம், சமைப்பவர் ஸுலைஹா. சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பால் விட்ட பருப்பு, நெத்தலி, முருங்கையிலைச் சுண்டல், கிழமையில் இரண்டு நாள் முட்டை, ஒரு வாழைப்பழம். ஸுலைஹா, வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரிலிருந்து வாப்பாவின் தோளில் வந்தவர், அப்போது மூன்று வயது. பசி என்றால் என்னவென்று அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. அவர் சமைத்தால் பிள்ளைகள் தின்பார்கள். இதைவிட ஒரு சாப்பாட்டுத் திட்டத்திடம் என்ன கேட்க இருக்கிறது?

ஹாஜியாருக்குக் கேட்க இருந்தது. முதலாம் தவணை தொடங்கிய கிழமை அவர் ஒரு தாளோடு வந்தார். அச்சடித்த தாள். மேற்பகுதியில் சங்கத்தின் கடிதத்தலைப்பை வெட்டி ஒட்டி, அதன்மேல் சங்கத்தின் றப்பர் முத்திரையைக் குத்தி, எல்லாவற்றையும் சேர்த்து லெமினேட் பண்ணியிருந்தார்.

"இனி இதுதான் சேர், புள்ளையள்ட சாப்பாடு. பெரிய ஆஸ்பத்திரியில பெரிய டொக்டர் தந்தது" என்றார்.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பெரிய டொக்டர் தந்த தாள், முத்திரை குத்திய தாள், லெமினேட் பண்ணிய தாள். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த தாளை இந்த நாட்டில் யாராவது கேள்வி கேட்டதுண்டா? அதிபர் வாசித்துவிட்டுத் தலையாட்டினார். ஆசிரியர்கள் ஐந்து பேர் வாசித்துவிட்டுத் தலையாட்டினோம். ஸுலைஹா சமைக்கும் குசினிச் சுவரில் ஆணி அடித்து அதை மாட்டியவன் நான்தான்.

முதல் கிழமை தேங்காய்ப்பால் போனது. இரண்டாம் கிழமை உப்பும் நெத்தலியும் போயின. எங்கள் பாடசாலைக்கு அடுத்த பக்கம் உப்பளம். காற்றடித்தால் உதட்டை நக்கிப் பார்க்கலாம், கரிக்கும். பிள்ளைகளில் பாதிப் பேரின் உம்மாமார் உப்பு வாரிப் பிழைக்கிறவர்கள். அப்படியான இடத்தில் உப்பில்லாத பருப்பைத் தொண்ணூற்று நான்கு தட்டில் ஊற்ற வேண்டியிருந்தது.

"ஹாஜியார், உப்பில்லாப் பண்டம் குப்பையிலே எண்டு சொல்லுவாங்களே" என்றார் ஸுலைஹா.

"அது பழமொழி, தங்கச்சி. இது விஞ்ஞானம்."

மூன்றாம் கிழமை சோறு ஓர் அகப்பையோடு நின்றது, அதற்குமேல் கிடையாது. பிறகு முட்டையில் மஞ்சள் கருவைப் பிடித்தார். வெள்ளைக் கருவை மட்டும் கொடுக்க வேண்டும். மஞ்சள் கருவை என்ன செய்வது என்று ஸுலைஹா கேட்டபோது, "புதைங்க" என்றார். அன்றிலிருந்து முட்டை நாட்களில் பருப்பு நல்ல மஞ்சளாகவும் கெட்டியாகவும் வரத் தொடங்கியது. நான் குசினிப் பக்கம் போகவில்லை. ஹாஜியார் ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்து, "பாத்தீங்களா, தேங்காய்ப்பால் போனாத்தான் பருப்புட உண்மையான ருசி வெளிய வருது" என்று என்னிடம் சொன்னார். ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

தாளில் சாப்பாடு மட்டும் இருக்கவில்லை. தினமும் முப்பது நிமிடம் நடக்க வேண்டும் என்று இருந்தது. ஆகவே சோற்றுக்கு முன்னால் பிள்ளைகள் மைதானத்தை வளைய வளைய நடந்தார்கள், சோறு ஆறிக்கொண்டிருந்தது. புகைப்பதை உடனே நிறுத்த வேண்டும் என்று இருந்தது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் வலக்கையை நீட்டி, இன்றுமுதல் புகைப்பதை நிறுத்துகிறோம் என்று ஒரே குரலில் உறுதிமொழி எடுத்தார்கள். நிறுத்தியும் விட்டார்கள். அதற்குப்பிறகு ஒருவரும் புகைத்ததாக எனக்குத் தகவல் இல்லை. பாதங்களைத் தினமும் பரிசோதிக்க வேண்டும் என்றும் இருந்தது. அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

"புள்ளையள்ட காலுல என்னத்தப் பாக்கிற, ஹாஜியார்?" என்று கேட்டேன்.

"புண் இரிக்கா எண்டு பாருங்க சேர். ஆறாத புண். கால்தான் முதல்ல போகும்."

பார்த்தேன். ஒவ்வொரு நாளும் நூற்று எண்பத்தெட்டுப் பாதங்கள் பார்த்தேன். மண் இருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற நான், ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏன் ஆறாத புண் வரவேண்டும் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா என்று நீங்கள் கேட்கக்கூடாது.

மேற்பார்வை முடிந்ததும் ஹாஜியார் சந்திக்குப் போவார். அங்கே ஹோட்டலில் மூலை மேசையில் நான்கு பராட்டாவும் மாட்டிறைச்சி ஆணமும் அவருக்காகக் காத்திருக்கும். கடைசியில் சீனி கூடப் போட்ட பால் தேத்தண்ணி. ஒருநாள் என்னைக் கண்டுவிட்டு, "ஓடியாடி வேலை செய்ற மனிசனுக்குச் சத்து வேணுமே சேர்" என்றார். நியாயம்தான்.

இனி அமானியைச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை. வாப்பா கற்பிட்டியில் ஆழ்கடல் படகில் போகிறவர், உம்மா வெயில் ஏறுமுன் உப்பளத்தில் இறங்கிவிடுகிறவர். வீட்டில் காலையில் வெறும் தேத்தண்ணி. அமானிக்கு நாளின் முதல் சோறு பாடசாலைச் சோறுதான், சில நாட்களில் அதுவே முக்கியமான சோறும். முன்பெல்லாம் இரண்டாம் தரம் தட்டை நீட்டுவாள், ஸுலைஹா நிரப்புவார். ஓர் அகப்பைச் சட்டம் வந்த கிழமையும் பழக்கத்தில் நீட்டினாள். ஹாஜியார் குனிந்து அவள் தலையைத் தடவி, உண்மையான அன்போடு, "போதும் எண்டு சொல்லப் பழகோணும் மகள்" என்றார்.

பழகிக்கொண்டாள். மற்றப் பிள்ளைகள் உப்பில்லாத சோற்றில் பாதியை மதிலுக்கு அப்பால் வீச, எங்கள் பாடசாலைக் காகங்கள் மாவட்டத்திலேயே ஆரோக்கியமான காகங்களாகிக்கொண்டிருந்தன. அமானி வீசவில்லை. இருந்ததைத் துடைத்துத் தின்றாள். இரண்டாம் மாதத்திலிருந்து மூன்றாம் பாடவேளையில் மேசையில் தலையை வைத்துத் தூங்கத் தொடங்கினாள். பாடத்தில் தூங்குகிறாய் என்று நான் அவளை எழுப்பி நிற்க வைத்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தவணை முடிகிற கிழமை நிறை பார்க்க வந்தார்கள். சிலாபம் பக்கத்துப் பையன் தினுஷன், புதிதாக வந்த சுகாதாரப் பரிசோதகர். தராசை மண்டபத்தில் வைத்து, ஒவ்வொரு பிள்ளையாக ஏற்றி, பழைய அட்டையோடு ஒப்பிட்டு எழுதிக்கொண்டு வந்தார். எழுத எழுத அவர் முகம் மாறியது. முப்பத்தொரு பிள்ளைகள் நிறை குறைந்திருந்தார்கள். அமானி ஏறினாள். தினுஷன் அவளை இறக்கி, தராசைச் சரிபார்த்து, மறுபடி ஏற்றினார்.

"ஒண்டரைக் கிலோ குறைஞ்சிருக்கு" என்றார்.

பக்கத்தில் நின்ற ஹாஜியாரின் முகம் பூரித்துப்போனது. "மாஷா அல்லாஹ்!" என்றார். "மூணே மாசத்துல! எழுதிக்கொள்ளுங்க தம்பி."

தினுஷன் அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஹாஜியார், இது வளர்ற புள்ள. நிறை கூட வேணும். இங்க என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?"

ஸுலைஹா குசினிச் சுவரைக் காட்டினார். தினுஷன் ஆணியிலிருந்து தாளைக் கழற்றி வாசித்தார். பாதங்கள் என்ற இடத்தில் நின்றார். புகைத்தல் என்ற இடத்தில் திரும்பவும் நின்றார். பிறகு வாசலுக்கு வந்து, ஒட்டிய துண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தாளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். முத்திரைக்குக் கீழே எழுத்துகள் தெரிந்தன. நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், கிளினிக். பெயர் இருந்தது, அதை அவர் சத்தமாக வாசிக்கவில்லை. நல்ல பிள்ளை. வயதை மட்டும் வாசித்தார்.

"இந்தப் புள்ளைகள்ல ஐம்பத்தெட்டு வயசு யாருக்கு?"

முதலாம் ஆண்டு ஃபாஹிமா கையை உயர்த்தினாள். எங்கள் பாடசாலையில் கேள்வி கேட்டால் கை உயர்த்தப் பழக்கியிருக்கிறோம்.

பெரியவர்களில் ஹாஜியார்தான் வாயைத் திறந்தார். "நல்ல விஷயந்தானே தம்பி டொக்டர் எழுதியிரிக்கி? நல்லது எல்லாருக்கும் நல்லதுதானே?"

"நீங்க இதுபடி சாப்பிடுறீங்களா?"

ஹாஜியார் தன் செருப்பைப் பார்த்தார். "எனக்கு ஏலாது தம்பி" என்றார். அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. "ரெண்டு நாள் இருந்து பாத்தேன். ஏலாது. அதான், இதுகளாவது சின்ன வயசிலேயே பழகட்டுமே எண்டு."

ஸுலைஹா தாளை தினுஷனின் கையிலிருந்து வாங்கி, தன் முந்தானையால் துடைத்து, ஹாஜியாரிடம் நீட்டினார். "இது உங்கட மருந்து. ஊட்டுக்குக் கொண்டுபோங்க. என்ட புள்ளையளுக்கு வருத்தமில்ல, பசி" என்றார். பிறகு உள்ளே போய்த் தேங்காய் துருவத் தொடங்கினார். சத்தம் மண்டபம் வரைக்கும் கேட்டது.

அமானி நிறை ஏறுகிறாள், மெல்ல மெல்ல. ஒன்றரைக் கிலோவை இறக்க மூன்று மாதம் போதும், ஏற்ற அதைவிடக் கூட எடுக்கும் என்று தினுஷன் சொன்னார். ஹாஜியார் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். சங்கக் கூட்டத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார், கண்ணும் கலங்கியது. அடுத்த கிழமை தகரத்தாணி வாங்க அவருடைய கடைக்குப் போனேன். வேலையாட்கள் தேத்தண்ணி ஊற்றும் மூலையில் அந்தத் தாள் மாட்டியிருந்தது. சீனிப் போத்தலைக் காணவில்லை.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், வீடு வரும் வரை சிரித்தேன். போன சனிக்கிழமை எனக்கும் இரத்தம் சோதித்தார்கள். கொலஸ்ட்ரோல் கூட என்றார் டொக்டர், இறைச்சியைக் குறைக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னமே மனைவியைக் கூப்பிட்டு, "இனிமே புள்ளையளுக்கு மாட்டிறைச்சி ஆக்காதீங்க, கூடாத சாமான்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

உங்கள் டொக்டர் கடைசியாக உங்களுக்கு எதை விலக்கினார், வாசகரே? அதை இப்போது உங்கள் வீட்டில் தின்னாமல் இருப்பது யார்?