இரண்டு பர்ஸ்காரர்

ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கும்போதே லிஃப்ட் இன்ஸ்பெக்டர் ஒரு சபதம் எடுத்துக்கொண்டார். இன்றைக்கு யார் தலைகீழாக நின்றாலும் சோபா வாங்கப் போவதில்லை. அதே சமயம், வாங்க மாட்டேன் என்று வாய் திறந்து சொல்லப் போவதும் இல்லை.

வாய் திறந்து சொல்கிற புருஷர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்கள் என்பது அவர் கட்சி. அவரிடம் வேறு ஏற்பாடு இருந்தது.

மனுஷருக்கு இரண்டு பர்ஸ். ஒன்று கறுப்பு, ஒன்று பிரவுன். கறுப்பில் உயிருள்ள கிரெடிட் கார்டு. பிரவுனில் அதன் மூதாதை; தேதி முடிந்து செத்துப்போன பழைய கார்டு. புதியதை அனுப்பும்போதே பழையதைக் கத்தரித்துப் போடச் சொல்லியிருந்தது பாங்க். இவர் போடவில்லை. அதே நிறம், அதே எண், அதே பெயர். தேதி மட்டும்தான் வேறு, அதுவும் எறும்பு சைஸ் எழுத்தில். புதியதும் தினமும் உரசி உரசிப் பழையதைப் போலவே மங்கிவிட்டது.

வேலைக்குப் போனால் கறுப்பு. மனைவியோடு கடைக்குப் போனால் பிரவுன். "நல்ல இடத்துக்கு நல்ல பர்ஸ்" என்று ஒரு விளக்கமும் கைவசம் உண்டு. பில் போடும் இடத்தில் கம்பீரமாகக் கார்டை நீட்டுவார். மெஷின் கீச்சென்று கத்தி மறுத்துவிடும். "சே, சர்வர் பிரச்சனை! எவ்வளவு ஆசையா வந்தோம்!" என்று எல்லோருக்கும் முன்னால் அவரே வருத்தப்படுவார். ஃப்ரிட்ஜ் அப்படித்தான் போயிற்று. ஜன்னல் திரைச்சீலைகளும் அப்படித்தான். திரும்பி வரும் வழியில் மனைவிக்கு ஆறுதல் சொல்வதும் அவரேதான்.

மனைவி ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை. வீட்டுக்கு வந்து காலை நீட்டலாம் என்றால், இருக்கிற சோபாவில் ஸ்பிரிங் ஒன்று வெளியே எட்டிப் பார்க்கிறது. ஸ்பிரிங் மேல் தலையணை, தலையணை மேல் மடித்த போர்வை, அதற்கு மேல் அவள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இன்ஸ்பெக்டரின் மனசு வேறொரு இடத்தில் அடகு போயிருந்தது.

ஒரு ஹோட்டல் லிஃப்டைச் சோதிக்கப் போன இடத்தில், லிஃப்ட் கூரைமேல் நின்று கயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே யாரோ சாக்ஸபோன் வாசித்தார்கள். லிஃப்ட் விழவில்லை. இவர் விழுந்துவிட்டார். வாத்தியக் கடை ஒன்றில் தங்க நிறத்தில் ஒரு சாக்ஸபோனைப் பார்த்து, திங்கட்கிழமை வரை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். கார்டில் மிச்சமிருந்த லிமிட் சோபாவுக்குக் காணும், இல்லாவிட்டால் சாக்ஸபோனுக்குக் காணும். இரண்டுக்கும் காணாது. மனைவியின் சம்பளம் வீட்டுக் கடனுக்கே சரியாகிவிடும். ஆக, இந்த ஞாயிறு தப்பினால் திங்கள் அவருடையது. வாழ்க்கையில் அவர் தனக்கென்று ஆசைப்பட்ட பொருள் அது ஒன்றுதான்.

குளித்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தார். நெஞ்சு திக்கென்றது.

அலமாரி பளபளவென்று இருந்தது. எப்போதும் மேல்தட்டில் கிடக்கும் பிரவுனும், கீழ்த்தட்டில் கிடக்கும் கறுப்பும், அக்கா தங்கை போல் ஒட்டி உட்கார்ந்திருந்தன.

"அலமாரியை யாரு தொட்டது?"

"நான்தாங்க," சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ஒரே தூசி. பர்ஸையும் திறந்து துடைச்சு வச்சேன்."

"திறந்தியா?"

"திறக்காம எப்படித் துடைக்கிறது? பயப்படாதீங்க, எது எதுல இருந்துச்சோ அது அதுலதான் இருக்கு."

பயப்படாதீங்க என்று யார் சொல்லச் சொன்னார்கள்? இன்ஸ்பெக்டருக்கு வியர்த்தது. இரண்டு கார்டையும் உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கிட்டே வைத்தார், தள்ளி வைத்தார், கண்ணை இடுக்கினார். தேதி இருந்த இடத்தில் இரண்டிலும் ஒரு மங்கல் கோடுதான் தெரிந்தது.

"என் கண்ணாடி எங்க?"

"நான் போட்டிருக்கேங்க. என்னுதை எங்கயோ வச்சுட்டேன். உங்களுக்கு என்ன படிக்கணும்? கொண்டாங்க, நான் படிச்சுச் சொல்றேன்."

"ஒண்ணும் படிக்க வேணாம்!"

ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். நல்ல யோசனை. ஃபோனைத் தேடினார்.

"அதுவும் எங்கிட்டதான் இருக்கு. ஹால் அளவெல்லாம் உங்க ஃபோன்லதானே குறிச்சிருக்கேன்? கடைக்குப் போற வரைக்கும் என் பைலயே இருக்கட்டும்."

கண்ணும் போயிற்று, ஃபோனும் போயிற்று. இன்ஸ்பெக்டர் கட்டிலில் உட்கார்ந்து கார்டுகளைப் பழையபடி அதனதன் பர்ஸில் வைத்தார். தொழில் புத்தி விழித்துக்கொண்டது. லிஃப்ட் நன்றாக ஓடுகிறது என்று யாராவது வலிய வந்து சொன்னால், அங்கேதான் அவர் முதலில் டார்ச் அடிப்பார். இவளும் வலிய வந்துதானே சொன்னாள்? மாற்றி வைத்திருப்பாளோ?

அப்போது மனைவி கதவோரம் தலையை நீட்டினாள். அவர் கண்ணாடி அவள் மூக்கில் இருந்தது.

"என்னங்க, இன்னிக்கு பிரவுன் பர்ஸையே எடுத்துக்கோங்க. அதான் உங்களுக்குப் பிடிச்ச பர்ஸாச்சே."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் எந்தச் சட்டை போடுகிறார் என்றுகூடக் கேட்காதவள், இன்றைக்குப் பர்ஸுக்குச் சிபாரிசு செய்கிறாள்! இன்ஸ்பெக்டர் தொடையில் தட்டிக்கொண்டார். பிடிபட்டது! உயிருள்ளதைப் பிரவுனில் வைத்துவிட்டு, பிரவுனையே எடுத்துப் போகச் சொல்கிறாள். அப்படியானால் செத்தது எங்கே? கறுப்பில்.

கறுப்பை எடுத்து பாண்ட் பைக்குள் திணித்தார். திணித்த பிறகும் நிம்மதி வரவில்லை. ஒருவேளை அவள் நிஜத்தையே சொல்லியிருந்தால்? கையை விட்டார். வெளியே எடுத்தார். மறுபடி வைத்தார். வாசலில் ஹாரன் அடித்தது.

வந்தவன் மைத்துனன். வேன் ஓட்டுகிறவன். சோபாவை ஏற்றி வர அக்கா கூப்பிட்டிருந்தாள். அவன் கார்டு நீட்டிவிடுவானோ என்ற பயம் இன்ஸ்பெக்டருக்கு இல்லை. அவன் சட்டைப் பையில் சீப்பைத் தவிர வேறு எதையும் உலகம் பார்த்ததில்லை.

"மாமா, என்ன ஒரு மாதிரி இருக்கீங்க?"

"புழுக்கமா இருக்குடா."

"ஏ.சி. போட்டிருக்கேனே!"

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

வழி நெடுக அவர் கை பாண்ட் பையிலேயே இருந்தது. பெருவிரலால் கார்டைத் தடவித் தடவிப் பார்த்தார். செத்ததா, உயிருள்ளதா? சாக்ஸபோனா, சோபாவா?

கடை பெரியது. உள்ளே நுழைந்ததுமே மனைவி கேட்டாள்.

"பர்ஸ் எடுத்தீங்கள்ல?"

"எடுத்தேன், எடுத்தேன்."

"பிரவுன்தானே?"

இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கறுப்பு பர்ஸை வெளியே எடுத்துக் காட்டினார். அவள் முகம் அப்படியே சுண்டிப்போயிற்று.

"ஐயோ! பிரவுன் எடுத்துட்டு வரலையா? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"ஏன், இதுக்கென்ன கேடு?"

"ஒண்ணுமில்ல..." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரி விடுங்க. அப்போ அந்தச் சின்ன சோபாவை மட்டும் பாப்போம். ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி. போதும்."

அந்த வாடிய முகத்தைப் பார்த்ததும் அவர் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்த சந்தேகம் பறந்தே போயிற்று. செத்த கார்டு கையில் இருக்கும்போது ஒரு மனுஷனுக்கு வருகிற தாராளம், கோடீஸ்வரனுக்குக்கூட வராது.

"சின்னதா? என்ன பேச்சு பேசற? நாள் பூரா நிக்கிறவ நீ. உனக்கா சின்ன சோபா?" குரல் கடை முழுக்கக் கேட்டது. "தம்பி, அந்தத் தோல் சோபாவைக் காட்டுங்க. அந்த மூலையில, பெருசா இருக்கே, அது!"

விற்பனைப் பையன் ஓடி வந்தான். "சார், அது பட்டன் அமுக்கினா சாயும் சார். காலுக்குப் பலகை தானா வரும்."

"வேண்டாங்க," என்றாள் மனைவி. "ரொம்ப அதிகம்."

"நீ சும்மா இரு! தம்பி, அதைப் போடுங்க பில்லு. கூட ஒத்தை நாற்காலி ஒண்ணு இருக்குமே?"

"ரெண்டு இருக்கு சார்."

"ரெண்டையும் போடுங்க!"

"மாமா..." என்றான் மைத்துனன். வாய் மூடவில்லை அவனுக்கு. "உங்களைப் போய்க் கஞ்சன்னு நெனச்சுட்டேனே மாமா!"

"நிறைய பேர் அப்படித்தாண்டா நெனைக்கிறாங்க," என்றார் இன்ஸ்பெக்டர் பெருந்தன்மையாக. "தம்பி, அந்தக் கண்ணாடி டீப்பாயையும்..."

"போதும்!" மனைவி சட்டென்று அவர் கையைப் பிடித்தாள். பிடி இறுக்கமாக இருந்தது. "டீப்பாய் வேண்டாம். இதோட நிறுத்திக்கோங்க."

அவளுக்காக இரக்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். ஆசை காட்டி மோசம் செய்வதிலும் ஓர் அளவு வேண்டாமா?

பில் போடும் இடத்தில் இருந்த பெண் மெஷினை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் கார்டைச் செருகினார். ரகசிய எண்ணைத் தட்டினார். இரண்டு கார்டுக்கும் அதே எண்தான். முகத்தில் வருத்தத்தைத் தயார் செய்துகொண்டார். சே, சர்வர் பிரச்சனை என்று நாக்கு நுனியில் வந்து நின்றது.

மெஷின் யோசித்தது. ரொம்ப நேரம் யோசித்தது. எப்போதும் உடனே கத்துமே? நர்ஸம்மாள் அவர் முதுகை மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

சரக்கென்று காகிதம் வெளியே வந்தது. அதே நொடியில் அவள் கைப்பைக்குள் இருந்த அவருடைய ஃபோன் டிங் என்றது.

"சக்ஸஸ் சார்," என்றாள் அந்தப் பெண். "சீட்டுல கையெழுத்துப் போடுங்க."

அவர் போட்ட கையெழுத்து பாம்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. மைத்துனன் வேன் கதவைத் திறக்கக் கொண்டாட்டமாக ஓடினான். இன்ஸ்பெக்டர் அருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது இப்போது அவருடைய நாற்காலிதான்.

"நீ கார்டை மாத்தி வைக்கலையா?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நான் எதுக்குங்க மாத்தணும்? எது எதுல இருந்துச்சோ அது அதுலதான் இருக்குன்னு காலையிலேயே சொன்னேனே. பிரவுன் எடுத்துக்கோங்கன்னும் சொன்னேன். நீங்கதான் கேக்கல."

"உனக்கு... எப்பத் தெரியும்?"

"திரைச்சீலைக் கடையில. நீங்க சர்வரைத் திட்டிட்டு முன்னால நடந்தீங்க. 'மேடம், சார் கார்டு தேதி முடிஞ்சு ரொம்ப நாளாச்சு, சொல்லிடுங்க'ன்னு அந்தப் பொண்ணு எங்கிட்டச் சொல்லுச்சு." தான் போட்டிருந்த அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, பத்திரமாக அவர் மூக்கிலேயே மாட்டிவிட்டாள். "நான் தனியா வந்திருந்தா அந்தச் சின்னதைத்தான் வாங்கியிருப்பேன். நீங்க மனசு வச்சதால இவ்வளவு பெருசு. ஆனா டீப்பாயைச் சேர்த்திருந்தா லிமிட் தாண்டியிருக்கும். ஃபோன்ல பாத்து வச்சிருந்தேன். அதான் கையைப் பிடிச்சேன்."

அவருக்கு அழுகை வந்தது. கடையில் வைத்து அழ முடியவில்லை. மனக்கண்ணில் அந்த சாக்ஸபோன் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு தடவை மின்னி மறைந்தது.

கைப்பைக்குள் ஃபோன் அடித்தது. அவள் எடுத்துப் பேசினாள். "ஆமாங்க, அவர் வீட்லதான் பேசறேன்... அப்படியா?... கொஞ்சம் இருங்க." ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"வாத்தியக் கடையாம். ஏதோ ஊதுறதை எடுத்து வச்சிருக்காங்களாமே. நாளைக்கு வந்து வாங்கிக்கிறீங்களான்னு கேக்கறாங்க."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அவளை நிமிர்ந்து பார்த்தார். தலைமேல் பல்லி விழுந்தாலும் சலனம் காட்டாத முகம் அது. ஆனாலும் ஓர் ஓரத்தில் அன்பு இருப்பதுபோல்தான் இருந்தது. கேட்டுத்தான் பார்ப்போமே என்று துணிந்தார்.

"வாங்கிக்கட்டுமா?"

"தாராளமா வாங்கிக்கோங்க," என்றாள் மனைவி. "பிரவுன் பர்ஸை எடுத்துட்டுப் போங்க."